பத்தாவது படம்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து.

மகள் இஷ்ரத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை என்பதால் சொல்லியாகிவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் இங்கே சுகம். அங்கே கிளாஸ்கோவில் உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் நீ சுகமாகத்தான் இருப்பாய், ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுத்துப் போடுகிறவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. மூன்று வருடமாக ஒரு வரி எழுதாத வாப்பா இப்போது எதற்குப் பேனாவை எடுத்தார் என்று யோசிப்பாய். மனம் மாறிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதே. திட்டுவதற்குத்தான் எழுதுகிறேன். ஃபோனில் திட்டினால் இரண்டாவது வார்த்தையில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், திட்டு பாதியில் நிற்கும். ஃபோனில் தமிழ் தட்டவும் எனக்கு வராது, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்குவதற்குள் கோபம் ஆறிவிடும். காகிதம்தான் இதற்குச் சரி. விலாசம், போன பெருநாளைக்கு நீ உம்மாவுக்கு அனுப்பிய பார்சல் அட்டையிலிருந்து எடுத்தது. அந்த அட்டையை அவள் இன்னும் வீசவில்லை, அதில்தான் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நான்கு நாள் நீ இந்த ஊரில் இருந்திருக்கிறாய். எனக்குத் தெரியாது, உன் உம்மாவுக்குத் தெரியாது, எதிர்வீட்டுத் தங்கமணி ஆன்டிக்குத் தெரிந்திருக்கிறது. வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "அண்ணே, இஷ்ரத் வந்திருந்துச்சா, ஒரு வார்த்த சொல்லலியே" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவள் எங்கே இங்கே வந்தாள் என்று கேட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை நீட்டினார். உன் தண்ணீர்க்குழாய்க் கம்பெனி உன்னை எந்த ஊருக்கு அனுப்பினாலும் அங்கே பத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி இங்கிலீஷில் எழுதிப் போடுகிறாயாம். ஹனோயில் பத்து, லிஸ்பனில் பத்து, இஸ்தான்புலில் பத்து. நகரங்களின் சின்னச் சின்னக் காட்சிகள் என்று அதற்குப் பெயராம், ஆயிரக்கணக்கான பேர் பார்த்து இதயம் போடுகிறார்களாம். இப்போது கோலாலம்பூரில் பத்து. ஒன்பது படத்துக்கு ஆன்டி வாசித்து அர்த்தம் சொன்னார். பத்தாவதுக்கு வரும்போது உம்மா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள், ஆன்டி ஃபோனைச் சட்டென்று துணிக்கூடைக்குள் போட்டுவிட்டு, குழாயில் தண்ணி நிறுத்துகிற தண்ணி வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நல்ல மனுஷி. அப்புறம் பத்துப் படத்தையும் என் ஃபோனுக்கு அனுப்பி வைத்தார்.

அந்த நான்கு நாளில் ஒரு வெள்ளிக்கிழமையும் வந்தது, நினைவிருக்கிறதா? வழக்கம்போல மஃரிப் தொழுகை முடிந்ததும் நீ உம்மாவைக் கூப்பிட்டாய். நீ கூப்பிட்டால் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன், அன்றும் போனேன், ஆனால் உம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், கதவுக்கு வெளியே எல்லாம் கேட்கும். "இங்க ஒரே குளிர் உம்மா, காதெல்லாம் விறைக்குது" என்றாய். குளிராம்! ஹோட்டலில் ஏர்கானைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னாயா, இல்லை பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் வேர்த்து வழிந்துகொண்டே சொன்னாயா? உன் வார்த்தையை நம்பிய அந்தப் பைத்தியக்காரி, மறுநாள் முட்டிவலியோடு நான்கு மாடி இறங்கி, எங்கள் புளோக்கில் லிஃப்ட் கெட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, வெயிலில் நடந்து உனக்குக் கம்பளிக் குல்லா தேடியிருக்கிறாள். கிள்ளானில் கம்பளிக் குல்லா! மூன்று கடையில் சிரித்திருக்கிறார்கள். நான்காவது கடையில் கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு என்று ஒரு மூலையில் வைத்திருந்ததை வாங்கி, மறுபடி நான்கு மாடி ஏறி வந்து, இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தக் குல்லா இந்தக் கடிதத்தோடு வருகிறது. போடு, போடாமல் போ, ஆனால் சின்னதாக இருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

நீ கேட்பாய், வாப்பாதானே வரவேண்டாம் என்றார் என்று. சொன்னேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. எதற்குச் சொன்னேன் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார். மூன்று வருடத்துக்கு முன்னால் உன் கம்பெனிக்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாய். நீ பிறப்பதற்கு முன்பிருந்து பிரிக்பீல்ட்ஸில் அந்த மாமாக் கடையில், நம் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், டீ காப்பி என்று தண்ணி கலக்குகிறேன், பாய்லரைப் பார்த்து நின்றால் வேலை முடியும்வரை கூட்டத்துக்கு என் முதுகுதான். அன்று உன் குரல் கேட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி உன் மேசைக்கு வந்தேன். நீ என்ன சொன்னாய்? இந்த அங்கிள்தான் பிரிக்பீல்ட்ஸிலேயே நல்ல டீ போடுவார் என்று இங்கிலீஷில் சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான் என்றாலும் அங்கிள் என்ற வார்த்தை தெரியும். அவர்களில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார், நானும் கொடுத்தேன், திரும்பிப் போய் நான்கு தே தாரேக், நுரை பொங்கும் பால் டீ, இழுத்து ஆற்றி அனுப்பினேன். அன்று ராத்திரி நீ வீட்டுக்கு வந்தபோது உம்மா மதரஸாவுக்குப் போயிருந்தாள். "எல்லாரையும் அங்கிள்னுதானே கூப்பிடுறோம் வாப்பா, வாய் தவறி வந்துருச்சு" என்றாய். இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவர் அங்கிள், செருப்புத் தைக்கிறவர் அங்கிள், வழி கேட்டால் அங்கிள், எல்லாம் எனக்கும் தெரியும். அப்படி வழியில் போகிறவனாகத்தான் என்னை நிற்க வைத்தாய். "இனிமே என் முன்னாடி வந்து நிக்காத" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உம்மா வந்து கேட்டதற்கு அவசர வேலையாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நீ வராமலே இருக்க, பிடிவாதக்காரி, வெளிநாட்டுக் காற்றுப் பட்டதும் பெற்றவர்களை மறந்துவிட்டாள் என்று அவள் புலம்பியபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. இரத்தத்தில் சீனி பார்க்கக் கிளினிக்குப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய் சொல்ல உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். பெற்ற வீட்டை விட்டுவிட்டு அப்படி என்ன பெரிய காட்சியைக் கண்டாள், ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று வீம்பு. முதலில் கிள்ளான் ரயில் நிலையம், ஏனென்றால் உன் ஏழாவது படம் அங்கே எடுத்தது. கிள்ளான் வரைக்கும் வந்திருக்கிறாய்! ஆறும் பாலமும் தெரிகிற படம். அடியில், கடைசி நிறுத்தம் என்று எழுதியிருக்கிறாய். கடைசி நிறுத்தம் துறைமுகம், கிள்ளான் இல்லை, இருபது வருடம் இங்கே வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? ரயிலுக்குள் உட்கார்ந்தபடியே எடுத்திருப்பாய் என்றுதான் நினைத்தேன், ஆனால் பெட்டிக்குள் இருந்து பார்த்தால் பாலம் அப்படித் தெரியாது. இறங்கி வெளியே வந்திருக்கிறாய். எட்டாவது படம் அதைவிட மோசம், துணிக்கடை வாசலில் தலைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிய பொம்மை. அது நம் வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற கடை. ரயில் நிலையத்திலிருந்து அந்தக் கடை ஆறு நிமிடம், அங்கிருந்து வீடு இன்னொரு ஆறு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதி வழி வந்து, ஒரு பொம்மையைப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போயிருக்கிறாய். அந்தப் பொம்மைக்கு எதிரில் நின்று நான் உன்னை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுதினால் பாவம் சேரும். கடைக்காரர் வெளியே வந்து, "என்ன அங்கிள் வேணும், சேலையா" என்று கேட்டார்.

அப்புறம் கோமுட்டர் ரயில். நீ எடுத்த ரயில் படத்தில் நான்கு பேர் வாயைத் திறந்து தூங்குகிறார்கள், இந்த ஊர் களைத்திருக்கிறது என்று அடியில் எழுதியிருக்கிறாய். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவன் தூங்காமல் பாட்டுப் பாடுவானா? அந்த வண்டியில் நானும் தினமும் அப்படித்தான் தூங்குகிறேன், நல்லவேளை என் வாயைப் படம் எடுக்கவில்லை. உன் படத்தையே பார்த்துக்கொண்டு ஏறியதில் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டேன், இத்தனை வருடத்தில் முதல் தடவை. ஒரு மலாய்க்கார அம்மா இளஞ்சிவப்புப் பலகையைக் காட்டி, "பாச்சிக், சானா, சானா" என்று, அதாவது அங்கிள் அந்தப் பக்கம் போங்கள் என்று, விரட்டினார், எல்லாரும் பார்த்தார்கள், அந்த அவமானமும் உன்னால்தான். அடுத்த பெட்டியில் ஒருவர் மடியில் கேக் பெட்டியை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷா ஆலம் தாண்டி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியபோது, பக்கத்தில் இருந்த சீனக் கிழவர், எதிரில் நின்ற பள்ளிக்கூடப் பெண், கம்பியைப் பிடித்திருந்த பங்களாதேஷ்காரர், நான், எல்லாரும் ஒரே நேரத்தில் அந்தப் பெட்டிக்குக் கீழே கையை நீட்டிவிட்டோம். கேக் தப்பித்தது. கையை எடுத்துக்கொண்டு அவரவர் ஜன்னலைப் பார்த்தோம். அதை எடுத்திருந்தால் அது படம். தூங்குகிறவனை எடுப்பதற்குக் கிளாஸ்கோவிலிருந்து வர வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாகப் போகிற படம் ஒன்று. நம்பிக்கை என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கிறாய், அதற்குத்தான் இதயம் அதிகம் என்று தங்கமணி ஆன்டி சொன்னார். அதே இடத்தில் நின்று பார்த்தேன். அவர்கள் காலால் தடவிப் போவதற்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறதே, அதன் குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் அதே மோட்டாரின் பின் சக்கரம் தெரிகிறது. படம் எடுக்கத் தெரிந்தவளுக்கு அதை நகர்த்தச் சொல்லத் தோன்றவில்லை. நான் சத்தம் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எச்சில் கையோடு ஓடிவந்து, "சாரி அங்கிள், ரெண்டு நிமிஷம்தான்லா" என்று தள்ளிக்கொண்டு போனான். வரிசையில் முதலில் வந்தவர் சிரித்தார். அந்த மோட்டார் தினமும் அங்கேதான் நிற்குமாம், புகைக்குழாய்ச் சூடு காலில் பட்டால் இப்போதுதான் வந்திருக்கிறான், ஆறிப்போயிருந்தால் சாப்பிட்டு முடிக்கப்போகிறான் என்று அவர்களுக்குத் தெரியுமாம். கண்ணிருக்கிற நீ மூன்று வார்த்தை அவரிடம் பேசியிருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும்.

பூக்கடைப் படத்துக்காகப் பாலனிடம் போனேன். உனக்குத் தெரியும், நம் கடைத் தெருவுக்கு நேர் எதிரில் மாலை கட்டுகிறவர். படத்தைக் காட்டியதும் நினைவு வைத்துச் சொன்னார். "அந்தப் பொண்ணா அண்ணே, ரொம்ப நேரம் நின்னுச்சு. பூவ எடுக்கற மாதிரி ஃபோனத் தூக்கிட்டு எதிர்ப்பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாங்கல. கண்ணு செவந்திருந்துச்சு, சாம்பிராணிப் புகையா இருக்கும்." எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது, வாகன நெரிசலும் சாக்கடையும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பத்துமலைக் கோயில் படத்துக்கு நான் போகவில்லை, குரங்கு ஒன்று ஒரு வெள்ளைக்காரியின் கண்ணாடியைப் பிடுங்குவதைப் பார்க்க என் முட்டிக்குத் தெம்பில்லை.

மற்ற மூன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது பத்தாவது. அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. முன்னால் ஒரு கண்ணாடி கிளாஸ், பாதி குடித்தது. பின்னால் மங்கலாக யாரோ ஒரு தண்ணி கலக்குகிற ஆளின் முதுகு, கை மேலே, குவளையிலிருந்து குவளைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான். ஆக, தேத்தண்ணி குடிக்கப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருக்கிறாய், என் கடையை விட்டு வேறு எவன் கடைக்கோ போய் உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஆளை உற்றுப் பார்த்தேன். இடது தோள் சாய்ந்து, சட்டை வெளியே தொங்கி, பின்கழுத்தில் முடி வெட்டாமல், தோளில் துண்டு கரித்துணி நிறத்தில். இந்தக் கிழவன் என்னைவிட என்ன நன்றாகப் போட்டுவிடப் போகிறான் என்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். இந்த ஆள் உங்கள் ஆளா என்று கேட்டேன். முதல் கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் படத்தையும் பார்த்து என்னையும் பார்த்து, "உங்க கடையில கேட்டீங்களா அங்கிள்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. லீவு நாளில் என் கடைக்கு நானே போய், மேசை துடைத்துக்கொண்டிருந்த கிஷனிடம் காட்டினேன். கிஷன் நாற்பது வயது ஆள், இரண்டு வருடமாக எங்களிடம் ஆர்டர் எடுக்கிறார், உன்னை அவருக்குத் தெரியாது. ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அங்கிள், இது நீங்கதான்லா" என்றார்.

என் முதுகை நான் எங்கே பார்த்தேன், சொல். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவை பார்க்கிறேன், அதுவும் நீ காட்டி. கிஷனுக்கு எல்லாம் நினைவிருந்தது. அன்று காலை, கூட்ட நேரம், வாசல் பக்கத்து மேசையில் ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்து, மைலோ பாதி, தேத்தண்ணி பாதி, பால் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாளாம். அப்படி ஒன்று போடமாட்டார்கள் என்று அவர் சொன்னதற்கு, "உங்க தண்ணி மாஸ்டர் போடுவார், கேட்டுப் பாருங்க" என்றாளாம். கிஷன் அங்கிருந்தே எனக்குச் சத்தம் கொடுத்தார். அது எனக்கு நினைவிருக்கிறது இஷ்ரத். நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "அது என் மக குடிக்கிறதுலா, வேற எவன் குடிப்பான் இந்தக் கண்றாவிய" என்று பாய்லரைப் பார்த்தே கத்தினேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும், நான்கு எட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்த உனக்குக் கேட்காமல் இருக்குமா? கேட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். என் கை அதைக் கலந்தது. நீ ஐந்து வயதில் சாக்லேட் மைலோவும் வேண்டும் வாப்பா குடிக்கிறதும் வேண்டும் என்று அடம் பிடித்ததற்காக நான் கலந்த தண்ணி, இந்த நகரத்தில் உன்னைத் தவிர யாரும் கேட்டதில்லை, அதைக் கலந்து தட்டில் வைத்துவிட்டு அடுத்த பாலில்லாத தே ஓ-வுக்குக் கையை நீட்டினேன். இந்தக் காலத்தில் எவனெவனோ எதையெதையோ கலந்து குடிக்கிறான் என்று நினைத்ததோடு சரி. திரும்பவில்லை. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். முப்பது வருடமாகத் திரும்பாமல் வேலை செய்கிறவன் என்பதில் எனக்குப் பெருமை, முதலாளியே சொல்வார், ஹாசிம் கூட்டத்தைப் பார்க்கமாட்டார், காதால்தான் கடை நடத்துவார் என்று.

அடியில் எழுதியிருந்ததைக் கிஷன் வாசித்துச் சொன்னார். ருசி மாறவில்லை என்று முதல் வரி. எழுந்தபோது, திரும்பாமலேயே, மறுபடி வாங்க அக்கா என்றார், என்று இரண்டாவது வரி. இரண்டே வரி. அந்த ஆள் யார் என்று இந்தத் தடவையும் நீ எழுதவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டால் ஆண் என்றால் அண்ணே, பெண் என்றால் அக்கா, செருப்புச் சத்தத்தை வைத்துச் சொல்வேன், ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற வார்த்தை. அதை உனக்கும் சொல்லியிருக்கிறேன். நீ என்னை அங்கிள் என்றாய், நான் உன்னை அக்கா என்றேன். முன்னால் வந்து நிற்காதே என்று சொன்னேன் என்பதற்காக எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, என் கையால் குடித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். நான் சொன்ன மற்ற எதையாவது நீ இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறாயா? படிக்கும்போது வெளிச்சத்தில் படி என்றால் கேட்கமாட்டாய். ஈரத்தலையோடு தூங்காதே என்றால் கேட்கமாட்டாய். இதை மட்டும் கேட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கிஷன் என்னவென்று கேட்டார். சாம்பிராணிப் புகை என்று சொன்னேன், கடையில் எங்கே சாம்பிராணி என்று அவர் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ வந்துபோனது, அங்கிள் என்றது, நான் முன்னால் நிற்காதே என்றது, மூன்று வருடம் அதை மறைத்தது. "எம்புள்ள மேலயே மூணு வருஷமாப் பழி சொல்லிக்கிட்டு இருந்தேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தட்டை வைக்கிற சத்தம் தங்கமணி ஆன்டி வீட்டுக்குக் கேட்கிறது. தண்ணி வெட்டுக்குப் பிடித்து வைத்த வாளிகளை நானே தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இது எல்லாம் உன் ஒரு படத்தால் வந்தது. நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை, அதைத் தெளிவாகப் புரிந்துகொள். உம்மாவிடம் குளிர் என்று சொன்னதை மன்னிக்கவே மாட்டேன். என்னையும் நான் மன்னிக்கவில்லை, ஆனால் அது உனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பாய்லருக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறேன். முடிவெட்டுகிற கடையில் வேண்டாம் என்று வைத்திருந்த பழைய கண்ணாடி, ஓரத்தில் ரசம் போயிருக்கிறது. எதற்கு என்று முதலாளி கேட்டார். கிஷன் ஆர்டரை மென்று சொல்கிறார், வாயைப் பார்த்தால்தான் விளங்குகிறது என்றேன். அதில் வாசல் பக்கத்து மேசை தெரிகிறது. ஆவி அடித்து அடித்து மறைக்கிறது, ஐந்து கிளாஸுக்கு ஒரு தடவை துண்டால் துடைக்கிறேன். வேலை மந்தமாகிறது, ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். யாராவது எழுந்தால் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வாங்க சொல்கிறேன். இந்த மூன்று நாளில் எத்தனை முகம் பார்த்துவிட்டேன், முப்பது வருடமாக என்னிடம் குடிக்கிறவர்களில் பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்று மாலை நீ உம்மாவைக் கூப்பிடும்போது நான் வராந்தாவுக்குப் போகப்போவதில்லை, வெளியே கொசு அதிகம். அதற்காக உன்னோடு பேசிவிடுவேன் என்று நினைக்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரத்தலையோடு தூங்காதே, அந்நிய ஊரில் தூங்குகிறவர்களைப் படம் எடுத்து அடி வாங்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், இரண்டாவதைக் கொஞ்சம் கூடுதலாகவே தரச்சொல்லித் துஆ கேட்கிறேன். கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. மைலோ பாதி தேத்தண்ணி பாதி என்று எவன் கேட்டாலும் எனக்குச் சொல்லக் கூடாது, இல்லை என்று அனுப்பிவிட வேண்டும் என்று கிஷனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி அது வேண்டும் என்கிறவள் பாய்லர் பக்கம் வந்து, என் முன்னால் நின்று, வாப்பா என்று கூப்பிட்டுத் தன் வாயால் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கலக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஊருக்கெல்லாம் அங்கிள்,
உனக்கு வாப்பா,
ஹாசிம்.